ஹெலனின் ஆறு ரூம்கள்

ஹெலனிடம் எது எப்போது நடந்தது என்று கேட்டாலும் வருஷம் சொல்ல வராது. ரூம் கணக்கில்தான் சொல்வாள்.

"மோனிகா பொறந்தது முதல் ரூமுக்குக் கடைக்கால் தோண்டினப்போ. எங்க மாமனாரு தவறினது ரெண்டாவது ரூமுக்கு ஷீட்டு ஏத்தின வாரம். பெரிய வெள்ளம் வந்துச்சே, அது மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல."

கேட்டவர்தான் அதிலிருந்து வருஷத்தைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆறு ரூம்களும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்பக்கம் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, ஒரு ஜன்னல், உள்ளே அடுப்பு வைக்க ஒரு கடப்பாக் கல். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பம்பு. வரிசையின் முனையில் ஹெலனும் அவள் கணவன் பென்னியும் மகள் மோனிகாவும் இருக்கிற வீடு. வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் ஒடிசாக்காரர்கள். இரும்பு உருக்குகிற கம்பெனியிலும் பேட்டரி கம்பெனியிலும் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் போகிறவர்கள். ஒரு செட்டு தூங்கும்போது இன்னொரு செட்டு வேலையில் இருக்கும். அதனால் ஒரு ரூமில் நாலு பேர் என்றாலும் எப்போது பார்த்தாலும் ரெண்டு பேர்தான் கண்ணில் படுவார்கள்.

இதையெல்லாம் கட்டி ஆள்கிறவள் யாரோ வாய்க்காரி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஹெலனைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். சோழவரம் பக்கத்தில் கழனி வேலைக்குப் போன குடும்பம் அவளுடையது. ஒன்பதாவது வகுப்பில் பதில் தெரிந்தும் எழுந்து சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தவள். அதற்கு அடி வாங்கிய பிறகு, அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. பதினெட்டு வயதில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். புதுகும்மிடிப்பூண்டியில் ஒரு ரூமில் ஆறு பெண்கள். முதல் சம்பளத்தில் மூடி போட்ட ஒரு சிவப்பு வாளி வாங்கி, அதில் நெயில் பாலிஷால் தன் பெயரை எழுதினாள். அன்றைக்கு அவளுடைய அசையும் சொத்து, அசையாச் சொத்து எல்லாம் அந்த வாளிதான்.

பென்னி அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். பேக்கிங் பக்கம் திரும்பும்போது ஹாரன் அடிக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். ஹெலன் உட்கார்ந்திருந்த திருப்பத்தில் மட்டும் அவன் அந்தச் சட்டத்தை மூன்று தடவை கடைப்பிடித்தான். ஆறு மாதம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் ஹெலன் தலையைத் தூக்கி, "காது கேக்குது" என்றாள். அவள் தானாக அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தது அதற்கு அடுத்த வருஷம்.

கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களைக் கழித்துக்கட்டிய சமயத்தில் ஹெலனுடைய பி.எஃப். பணம் கையில் வந்தது. பென்னி பைக் வாங்கலாம் என்றான். ஹெலன் பதில் சொல்லாமல் செங்கல் விலை விசாரித்துக்கொண்டு வந்தாள். மகளிர் குழுவில் கடன் பெண் பெயரில்தான் கிடைக்கும். அதனால் இடமும் அவள் பெயரிலேயே பதிவானது. சிப்காட் பின்பக்கம் அப்போது முள்ளுக்காடு. "பாம்புகூட வாடகைக்கு வராது" என்று பென்னியின் அண்ணன் சிரித்தான். முதல் ரூமுக்கு ஷீட்டு போட்ட மறுவாரம் ஒரு காண்ட்ராக்டர் நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

வாடகை கேட்பதுதான் பெரிய பாடாக இருந்தது. முதல் மாதம் தேதி வந்துவிட்டது. அவர்கள் கொடுக்கவில்லை. ஹெலனுக்குக் கேட்க வாய் வரவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலைப் பெருக்கினாள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, அவர்கள் ஷிப்ட் விட்டு வந்ததும் ஒரு தடவை. மூன்றாம் நாள் அந்தப் பையன்களில் ஒருவன் வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டு, பாதி இந்தியும் பாதி தமிழுமாக, "அக்கா, நாங்க பெருக்கும். நீ கஷ்டம் வேணாம்" என்றான். ஹெலன் சிவந்துபோய், "வாடகை" என்றாள். "அய்யோ, அதுவா!" என்று அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ரெண்டு நாளாகப் பையிலேயே வைத்திருந்தானாம். யாரிடம் கொடுப்பது என்று அவனுக்கும் கேட்க வாய் வரவில்லையாம்.

அவன்தான் பிரமோத். அந்தப் பையனை நம்பித்தான் அடுத்தடுத்த ரூம்கள் எழுந்தன. ஒரு ரூம் முடிந்தது என்றால் பிரமோத் ஊருக்கு ஒரு போன் போடுவான். மறுவாரம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவன் ஊர்க்காரர்கள் நாலு பேர் பையோடு இறங்கி நிற்பார்கள். இத்தனை வருஷத்தில் பிரமோத்தின் தமிழ் பென்னியின் தமிழைவிடச் சுத்தமான கும்மிடிப்பூண்டித் தமிழாகிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் செய்து மினதியைக் கூட்டிவந்தான். மூன்றாம் நம்பர் ரூமைக் குடும்பத்துக்கென்று தனியாக எடுத்துக்கொண்டான். இப்போது மூன்று வயதில் சோனு என்று ஒரு பிள்ளை, நாள் முழுக்கப் பம்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் ஹெலன் ஒரு துணிச்சல் செய்தாள். பேங்கில் கடன் வாங்கி மாடிப்படி கட்டி, மேலே தளம் போட்டாள். மோனிகா ப்ளஸ் டூ முடித்து நர்சிங் சேர வேண்டும். அதற்குள் மேலே ரெண்டு ரூம் எழும்பிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. மாதத் தவணை மொத்தமும் கீழே உள்ள ஆறு ரூம் வாடகையை நம்பித்தான். பென்னி கம்பெனியில் ஓ.டி.யை நிறுத்தி மூன்று மாதமாகிறது. அவன் சம்பளம் வீட்டுச் செலவுக்கே சரியாகப் போகிறது. ரெண்டு ரூம் காலியானாலும் தவணை தட்டும். அதனால் ஹெலன் தினமும் காலையில் ஆறு கதவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பாள்.

கார்த்திகை கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மினதி தன் ரூம் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அரிசி மாவைக் கரைத்துக் கோலம் போட்டாள். விரல் நுனியால் புள்ளி புள்ளியாக வைத்து நெற்போர் மாதிரி மூன்று, நடுவில் தாமரை, வாசற்படியிலிருந்து உள்ளே போகிற சின்னச் சின்னப் பாதங்கள். இத்தனை வருஷமும் ரூமுக்குள்ளேயே ஏதோ போட்டுக்கொண்டிருந்தவள், இந்தத் தடவைதான் துணிந்து வெளிச் சுவருக்கு வந்திருந்தாள்.

"எங்க ஊர்ல இந்த மாசம் வியாழக்கிழமை லட்சுமி வரும் அக்கா" என்றாள்.

"வரட்டும், வரட்டும். வாடகை இல்லாம வேணா இருந்துக்கட்டும்" என்றாள் ஹெலன். மினதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஹெலன் இப்படி ஜோக் அடிப்பதெல்லாம் அந்தப் பெண்ணிடம் மட்டும்தான்.

அடுத்த வாரம் பிரமோத்தின் தங்கை கல்யாணத்துக்கு மூவரும் ஊருக்குப் போனார்கள். சாவியை ஹெலனிடம் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினார்கள்.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. வெள்ளையடிக்காமல் ஹெலன் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது. இந்த வருஷம் மாடிப்படிக்குப் பொருத்தமாக ஆறு ரூமுக்கும் வெளியே இளநீலம் அடித்துவிடலாம் என்று பெயிண்டர் குப்புராஜைக் கூப்பிட்டாள். மூன்றாம் நம்பர் அருகே வந்ததும் அவன் பிரஷ்ஷை நிறுத்தினான்.

"அக்கா, இது இன்னாவோ கோலம் கீது. உட்டுடவா?"

ஹெலன் எட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு சதுரத்தை மட்டும் விட்டால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும்.

"கோலம்தானே? ஊர்லேர்ந்து வந்து புதுசா போட்டுக்கும். நீ அடி."

காலையில் போட்ட கோலத்தை மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்துக் கூட்டித் தள்ளுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள் அவள். கிறிஸ்துமஸுக்குக்கூட வாசலில் நட்சத்திரக் கோலம் போட்டு, மறுநாள் அழித்துவிட்டு வேறு போடுகிறவள். கோலம் என்றால் அழிப்பதற்கென்றே போடுவது என்றுதான் அவளுக்குத் தெரியும். குப்புராஜ் ரெண்டு கோட்டு அடித்தான். சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது. மினதி வந்து பார்த்து அசந்துபோவாள் என்று ஹெலனுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர்கள் வந்தார்கள். மினதி கையில் ஹெலனுக்கென்று கட்டிவந்த காஜா இனிப்புப் பொட்டலம். சுவரைப் பார்த்தாள். பொட்டலத்தை ஹெலன் கையில் கொடுத்தாள். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அசந்துதான் போய்விட்டாள் என்று ஹெலன் ஒரு மணி நேரம் நம்பிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் முறுக்கும் அதிரசமும் தட்டில் வைத்து எடுத்துப் போனாள். மினதி கதவைப் பாதி திறந்து, "வயிறு சரி இல்ல அக்கா" என்று சொல்லிவிட்டு மூடிவிட்டாள். சோனு மட்டும் கதவுச் சந்தில் கையை நீட்டி ஒரு முறுக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

விஷயத்தைச் சொன்னது பக்கத்து வரிசைச் சொந்தக்காரி சம்பூர்ணம். அவளுக்கு எட்டு ரூம். அவை எல்லாம் என்றைக்குமே நிரம்பியதில்லை. அந்தக் குறை அவள் பேச்சில் எப்போதும் ஒரு ஓரமாக இருக்கும்.

"இன்னாடி ஹெலனு, அந்தப் பொண்ணு சாமியப் போயி பெயிண்ட் அடிச்சு மூடிட்டியாமே?"

"எந்தச் சாமிக்கா?"

"லட்சுமி! பம்பாண்ட குந்திக்கினு ஒரே அழுக. நீங்க வேதக்காரங்க, அதான் வேணும்னே அழிச்சுட்டீங்கன்னு அவ ரூம் பக்கத்துப் பசங்க பேசிக்கினு கீறாங்க. பிரமோத்து எங்கூட்ல வந்து ரூம் பாத்துட்டுப் போயிட்டான். எரநூறு ரூபா கொறச்சுக்கறேன்னு சொன்னேன். நமக்கு இன்னா, கேட்டான், சொன்னேன்." சம்பூர்ணம் நகர்ந்துகொண்டே, "அவன் வந்தா கூட இருக்கிற பசங்களும் வந்துருவாங்க இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஹெலன் ஆறு கதவையும் திரும்ப எண்ணினாள். பிரமோத் போனால் அவன் ஊர்க்காரர்கள் போவார்கள். அவர்கள் போனால் ஆறு ரூமும் காலி. தவணை, மோனிகாவின் நர்சிங், எல்லாம் ஒரே சுவரில் நின்றுகொண்டிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். அதைவிட, "வேணும்னே" என்ற சொல்தான் காதை விட்டுப் போகவில்லை.

இரவு பூசையில் குழந்தை இயேசுவைக் குடிலில் வைக்கும்போதுகூட அவள் மனசு பம்படியில்தான் இருந்தது. விடிந்ததும் புதுப் புடவையோடு நேரே மூன்றாம் நம்பருக்குப் போனாள். மினதி ஒரு பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மினதி, எனக்குத் தெரியல. கோலம்னு நெனச்சுட்டேன். நாங்க தெனம் அழிச்சுட்டுத் தெனம் போடுவோம்" என்றாள் ஹெலன். வழியில் யோசித்துவைத்த மற்ற வாக்கியமெல்லாம் மறந்துபோயிற்று.

மினதி கயிற்றை விடவில்லை. "இது அழிக்கிற கோலம் இல்ல அக்கா. இது இருக்கிற கோலம். அதுவா போகணும். மழைல போகும், வெயில்ல போகும். எங்க ஊட்ல யாரும் தொடைக்க மாட்டாங்க. நெல்லு போர் போட்டா, அது மறையிற வரைக்கும் ஊட்ல சோறு இருக்கும்னு மாமியார் சொல்லும். வீடியோ கால்ல மாமியார்கிட்ட காட்னேன். நல்லா போட்டேன்னு சொல்லிச்சு. ஊருக்குப் போனப்போகூட எல்லார்கிட்டயும் சொல்லிச்சு."

"வேணும்னு செய்யல, மினதி. மாதா சத்தியமா."

"தெரியும் அக்கா." மினதி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பசங்க சும்மா பேசும். எனக்கு அது கோவம் இல்ல. உன் செவுரு, நீ அழிச்ச. நான் இன்னா கேக்க முடியும்? நாலு வருசம் இருக்கேன். இங்க இருக்கேன்னு ஒரு பேப்பர்ல இல்ல. கேஸ் கேட்டா அட்ரஸ் ப்ரூஃப் கேக்குறான். சின்ன சிலிண்டர்ல கிலோ கணக்குல வாங்கி எரிக்கிறேன். சோனுவுக்கு ஆதார்ல ஊர் அட்ரஸ்தான். நாளைக்கு ஸ்கூல் போட்டா அங்கயும் கேப்பான். சம்பூர்ணம் அக்காகிட்ட போனாலும் பேப்பர் குடுக்காது. ஆனா அங்க எரநூறு ரூபா கம்மி. பேப்பர் இல்லாம இருக்கறதுக்குக் கம்மியாவே இருந்துடலாம் இல்ல?"

அந்தப் பக்கத்தில் ரூம் கட்டி விடுகிற யாரும் வடநாட்டு ஆட்களுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதில்லை. ஆதார் ஜெராக்ஸை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஹெலனும் கேட்டதில்லை.

மத்தியானம் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்தபோது, பிரமோத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கப்போவதாகப் பென்னியிடம் சொன்னாள். அவன் கையில் எடுத்த கறித்துண்டு வாய்க்குப் போகாமல் நின்றது.

"அக்ரிமெண்டா? இன்னா வெளாட்றியா? எழுதிக் குடுத்தா நாளைக்கு ஊடு என்துன்னு குந்திக்குவான்."

"யாரு குந்திக்கினாங்க அப்டி?"

"நடந்துக்குது. சொல்றாங்க இல்ல?"

"யாருக்கு நடந்துச்சு?"

"யாருக்கோ. பொன்னேரி பக்கம்."

"பேரு?"

பென்னி கறித்துண்டை வாயில் போட்டுக்கொண்டு மென்றான். ரொம்ப நேரம் மென்றான்.

"ஆறு வருசம் நான் புதுகும்மிடிப்பூண்டில குடியிருந்தேன்" என்றாள் ஹெலன். "ஊடு என்துன்னு கேட்டேனா?"

"நீ எங்க கேப்ப? உனக்குத்தான் வாயே வராதே!"

மோனிகா சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். ஹெலனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு அவளை எங்கேயோ கொண்டுபோய் விட்டது.

புதுகும்மிடிப்பூண்டியில் இருந்தபோது கம்பெனியில் எல்லாருக்கும் பேங்க் கணக்கு தொடங்கினார்கள். குடியிருக்கிற அட்ரஸுக்கு ஒரு தாள் வேண்டும் என்றார்கள். ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் போய்க் கேட்க ஆறு பெண்களும் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டார்கள். கடைசியில் யாரும் கேட்கவில்லை. ஹெலன் சோழவரத்து அட்ரஸ் கொடுத்தாள். ஏ.டி.எம். கார்டு அங்கே போயிற்று. அங்கே இருந்த அவள் அண்ணன் ஆசீர்வாதம் கையெழுத்துப் போட்டு வாங்கி, தொலைந்துபோகக் கூடாதே என்று பைபிளுக்குள் வைத்து, வைத்ததையே மறந்துபோனான். அடுத்த மாதம் ஹெலன் கையில் சம்பளமே வரவில்லை. பணம் பேங்கில் இருந்தது. கார்டு பைபிளில் எரேமியாவுக்கும் எசேக்கியேலுக்கும் நடுவில் இருந்தது. ஹெலன் கூட இருந்த பெண்களின் சோற்றைத்தான் தின்றாள்.

அப்போதெல்லாம் ஹவுஸ் ஓனர் அம்மா படியேறி வரும் சத்தம் கேட்டாலே ரேடியோவைக் குறைப்பார்கள். இப்போது ஹெலன் ரூம் வரிசைப் பக்கம் நடந்தால் உள்ளே செல்போன் பாட்டுச் சத்தம் குறையும். அதை அவள் பல தடவை கவனித்திருக்கிறாள். அது மரியாதை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். பதினெட்டு வயதில் ஒரு வாளிக்குச் சொந்தக்காரி, முப்பத்தொன்பது வயதில் ஆறு ரூமுக்குச் சொந்தக்காரி. நடுவில் எந்த ரூம் கட்டும்போது அந்த அம்மாவாகவே ஆகிப்போனோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ரூம் கணக்கு இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் உதவவில்லை.

"இடம் என் பேர்லதான கீது" என்றாள் கையைக் கழுவிக்கொண்டே.

பென்னி நிமிர்ந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. சண்டைக்குச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தான். அப்படித் தெரியவில்லை.

"உன் பேர்லதான் கீது. நான் இல்லன்னு சொன்னனா?" என்றான். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "எழுதறதுதான் எழுதற, சுப்பிரமணி கடைல எழுது. அவன் தப்பில்லாம அடிப்பான்" என்றான்.

மறுநாள் காலையில் பிரமோத் நைட் ஷிப்ட் முடித்து வந்து பம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ஹெலன் பக்கத்தில் போய் நின்றாள்.

"பிரமோத்து, ஆதார எடுத்துக்கினு வா. மினதியையும் கூட்டியா. அக்ரிமெண்ட் போடப் போறோம்."

அவன் முகத்தில் சோப்போடு கண்ணைத் திறந்துவிட்டான். "அக்கா, சம்பூர்ணம் அக்காகிட்ட இன்னிக்கு அட்வான்ஸ் குடுக்கறேன்னு சொல்லிட்டேன்."

"சொன்னியா, குடுத்துட்டியா?"

"சொன்னேன்."

"அப்ப மூஞ்சியக் கழுவிக்கினு வா. சோப்பு எரியப்போவுது."

அவன் ரெண்டு கை தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு உள்ளே ஓடினான். உள்ளே ஒடியாவில் ஏதோ வேகமாகப் பேசும் சத்தம் கேட்டது. பிறகு மினதி வெளியே வந்து ஹெலனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "இரு அக்கா, தலை வாரிக்கினு வரேன்" என்றாள்.

சுப்பிரமணியின் ஜெராக்ஸ் கடை ரயில்வே ஸ்டேஷன் எதிரில் இருக்கிறது. ஹெலன், மினதி, பிரமோத், அவன் தோளில் சோனு, ஹெலனை வண்டியில் கூட்டிவந்த பென்னி எல்லாரும் உள்ளே போனதும் கடை நிரம்பிவிட்டது. சுப்பிரமணி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பென்னியைப் பார்த்து, "ஓனர் பேரு சொல்லுங்க சார்" என்றார்.

பென்னி முகவாயால் ஹெலனைக் காட்டினான்.

ஹெலன் பெயரைச் சொன்னாள். முதல் தடவை சொன்னது சுப்பிரமணிக்குக் கேட்கவில்லை. வெளியே ரயில் போய்க்கொண்டிருந்தது. ரயில் போகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னாள்.

பதினோரு மாதம், வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, கரண்ட் பில் யார் கட்டுவது என்று வரிசையாக அடித்துக்கொண்டே போனார் சுப்பிரமணி. "புதுப்பிக்கும்போது அஞ்சு பர்சென்ட் ஏத்தம், போட்டுர்றேன்" என்றார்.

"அஞ்சா?" என்றான் பிரமோத். "அக்கா, இத்தினி வருசத்துல நீ ஏத்தினதே ரெண்டு தபாதான்!"

"பேப்பர்ல அப்டித்தான் எழுதுவாங்களாம்" என்றாள் ஹெலன். அவளுக்கே அது அப்போதுதான் தெரியும். தெரிந்ததும் பிடித்திருந்தது.

"மூணு" என்றான் பிரமோத்.

"நாலு."

"சரி, நாலு" என்றாள் மினதி. பிரமோத் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. "அக்கா, பேப்பர்ல நான் சொல்றதும் எழுதுவாங்களா?"

"சொல்லு."

"மூணாம் நம்பர் வெளிச் செவுரு. எங்களைக் கேக்காம பெயிண்ட் அடிக்கக் கூடாது."

சுப்பிரமணி சிரித்துவிட்டார். "அம்மா, நான் இருவது வருசமா அக்ரிமெண்ட் அடிக்கறேன். சொவத்துக்கெல்லாம் ஒண்ணும் கெடையாது."

பென்னி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹெலன் கையை மேசைமேல் வைத்தாள்.

"போடுங்க சார். வெளிச் சுவர், கதவுக்குப் பக்கத்துல. வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்கணும்னா குடியிருக்கிறவங்களக் கேட்டுட்டுத்தான் அடிக்கணும்னு போடுங்க."

"நெசமாத்தானா?"

"நெசமாத்தான்."

சுப்பிரமணி ஸ்டாம்ப் பேப்பரில் பத்தாவது ஷரத்தாக அதை அடித்தார். அடித்து முடித்து உரக்கப் படித்துக் காட்டினார். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த ரெண்டு பேரும் நின்று கேட்டார்கள். மினதிக்கு அந்த எழுத்துத் தமிழ் புரியவில்லை. பிரமோத் ஒடியாவில் சொன்னான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, ரொம்ப நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள்.

செய்தி அதற்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. சாயங்காலம் ஹெலன் வாசலில் மற்ற ஐந்து ரூம்களிலிருந்தும் ரூமுக்கு ஒருவராக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் ஆதார் ஜெராக்ஸ். ஒருவன் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தான். போட்டோ எடுப்பார்கள் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்களாம். அவர்களுக்குப் பின்னால், பக்கத்து வரிசையிலிருந்து சம்பூர்ணத்தின் வாடகைக்காரர்கள் ரெண்டு பேர் சும்மா வேடிக்கை பார்க்கிறவர்கள் மாதிரி நின்றார்கள்.

பென்னி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"எல்லாருக்கும் செவுத்தையும் எழுதிக் குடுத்துட்டு அடுத்த கிறிஸ்துமஸுக்கு நாம எங்க போய் பெயிண்ட் அடிக்கறது?"

"மாடிப்படி கீதே" என்றாள் ஹெலன். முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே போனாள். வரிசையில் முதலில் நின்றவனிடம், அவன் கேட்பதற்கு முன்னாலேயே, "நாலு பர்சென்ட்டு, தெரியும் இல்ல?" என்றாள்.